வழக்கு மன்றத்தில் ஒரு படகோட்டி



மனிதனை உயர்த்துவது படித்த படிப்பா, பட்ட அனுபவமா என்பது இன்றைய வழக்கு. "கல்லூரி வாசலை மிதிக்காமல் ஒருத்தன் பெரிய வக்கீலாக முடியுமா? காட்டுங்கள் ஒரு ஆளை!" என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டிக் கேட்டார். காட்டுகிறேன் ஐயா. மேசை பாவம், விட்டுவிடுங்கள். (சிரிப்பு)

ஆபிரகாம் லிங்கன். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவருக்குச் சோறு போட்டது எது? சிவில் வக்கீல் தொழில். 1809-இல் கென்டக்கியில் ஒரு மரக்கட்டைக் குடிசையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போன நாளையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நம்ம வீட்டுப் பிள்ளைகள் எல்.கே.ஜி.க்கே அதைவிட அதிக நாள் போகிறார்கள். (சிரிப்பு)

மிசிசிப்பி ஆற்றில் சரக்குப் படகு ஓட்டினார். நியூசேலம் என்ற சின்ன ஊரில் பலசரக்குக் கடை வைத்தார்; கடை முழுகியது, கடன் மிஞ்சியது. தபால் அதிகாரியாக இருந்தார். நில அளவை செய்யும் சர்வேயராக இருந்தார். கடனுக்காக அந்த அளவைக் கருவிகளையே ஜப்தி செய்து ஏலம் போட்டார்கள். ஒரு நண்பர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். இதற்கு நடுவில் இரவல் புத்தகத்தில் சட்டம் படித்து, 1836-இல் உரிமம் பெற்று, அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீல் ஆனார்.

"படித்தாரே, படித்தாரே!" என்று அம்மையார் அங்கிருந்து கை காட்டுகிறார்கள். படித்தார் அம்மா. அதே புத்தகத்தை அந்தக் காலத்து வக்கீல் அத்தனை பேரும்தான் படித்தார்கள். அத்தனை பேருமா லிங்கன் ஆனார்கள்?

அவர் நடத்திய வழக்குகள் 5,000-க்கு மேல். அதில் பாதிக்கு மேல் கடன் வழக்குகள். கடன் வாங்கி, ஜப்தி பார்த்த மனுஷனுக்குக் கடன் வழக்கின் வலியை யார் சொல்லித்தர வேண்டும்? கடன், நிலத் தகராறு, விவாகரத்து, பாகப்பிரிவினை, ரயில்வே, காப்புரிமை... இன்ன வழக்குத்தான் என்றில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை நீதிபதி டேவிட் டேவிஸ் ஊர் ஊராகப் போவார். வக்கீல்கள் கூடவே போவார்கள். சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு வக்கீல். நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில். பதவிக்காக இல்லை, உடம்புக்காக! (சிரிப்பு) அந்த டேவிஸ்தான் பின்னால் 1860-இல் லிங்கனை வேட்பாளர் ஆக்க முன்னின்று உழைத்தார்.

இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்காக ஒரு பெரிய வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்தார். 5,000 டாலர் பீஸ் கேட்டார். கம்பெனி கையை விரித்தது. என்ன செய்தார்? தன் கட்சிக்காரர் மேலேயே 1857-இல் வழக்குப் போட்டு வாங்கினார். அப்புறமும் அந்தக் கம்பெனி அவரிடமே வழக்குக் கொடுத்தது! நம்மிடம் பணம் வசூல் பண்ணத் தெரிந்தவன் ஊரெல்லாம் வசூல் பண்ணுவான் என்ற கணக்கோ என்னவோ.

அதே 1857-இல் சிகாகோவில் இன்னொரு வழக்கு. மிசிசிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலம், ராக் ஐலண்டில். திறந்து சில நாளிலேயே எஃபி ஆஃப்டன் என்ற நீராவிக் கப்பல் அதில் மோதி எரிந்தது. கப்பல்காரர் பாலக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். பாலம் தோற்றால் மேற்கே ரயில் போக வழியில்லை. லிங்கன் பாலத்துக்கே நேரில் போனார். நீரோட்டம் எவ்வளவு வேகம், எந்தக் கோணம் என்று அளவுக் கணக்கோடு மன்றத்தில் நின்றார். கப்பலின் ஒரு பக்கச் சக்கரம் ஓடவில்லை என்று காட்டினார். ஆற்றோடு போக ஒருவனுக்கு உரிமை இருந்தால், ஆற்றைக் கடக்க இன்னொருவனுக்கும் உரிமை உண்டு என்று வாதாடினார். ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை, பாலம் பிழைத்தது. இந்த வாதத்தில் சட்டப் புத்தகம் எவ்வளவு, பழைய படகோட்டியும் சர்வேயரும் எவ்வளவு? நடுவர்தான் சொல்ல வேண்டும். (கைதட்டல்)

எதிரணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். 1841-இல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்காக எழுதிய புரோநோட்டு ஒன்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த மாநிலத்தில் யாரும் சுதந்திர மனுஷியே, சுதந்திர மனுஷியை விற்க முடியாது, ஆகவே நோட்டு செல்லாது என்று வாதாடி ஜெயித்தார் லிங்கன். பார்க்கப்போனால் வெறும் கடன் வழக்கு. அடியில் ஒரு பெண்ணின் உயிர். சரி. 1847-இல்? மேட்சன் என்ற அடிமை முதலாளி, தன்னிடமிருந்து தப்பிய ஜேன் என்ற தாயையும் நாலு பிள்ளைகளையும் மீட்டுத் தரக் கேட்டார். அவருக்கும் இதே லிங்கன்தான் வக்கீல்! தோற்றார். தாயும் பிள்ளைகளும் தப்பித்தார்கள்.

வந்த கட்சிக்காரருக்கு வாதாடுவது வக்கீல் தர்மம் என்று சில ஆய்வாளர்கள் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அந்தத் தாய் கூண்டுக்கு வெளியே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள் என்று நினைத்தால், நம்ம ஆளாச்சே என்று விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அணிக்காகப் பேசுகிறேன் என்பதற்காக வரலாற்றை மறைக்கக் கூடாது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: "தொழில் வேறு, மனசாட்சி வேறு" என்று அன்றைக்கு அவருக்குச் சொல்லிக் கொடுத்தது பட்ட அனுபவமா, படித்த தொழிலா? (கைதட்டல்)

1855-இல் சின்சினாட்டியில் அறுவடை இயந்திரக் காப்புரிமை வழக்கு. லிங்கனும் ஒரு வக்கீல். ஸ்டான்டன் என்ற பெரிய வக்கீல் இவரைக் கிராமத்தான் என்று ஒதுக்கினார்; வாயே திறக்க விடவில்லை. லிங்கன் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து, ஸ்டான்டன் எப்படி வாதாடுகிறார் என்று கவனித்தார். 1862-இல் அதே ஸ்டான்டனைப் போர்த்துறைச் செயலாளராக நியமித்தார்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு செய்தி ஐயா. 1861-இல் வாஷிங்டனுக்குப் புறப்படும்போது அலுவலக வாசலில் தொங்கிய 'லிங்கன் – ஹெர்ன்டன்' பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டாம் என்றாராம். உயிரோடு திரும்பினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி வக்கீல் தொழில் பார்ப்போம் என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். 1865 மே மாதம் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அவர் உடல்தான் ரயிலில் திரும்பி வந்தது.