ஐந்தாம் பங்கு: கொங்கு நாட்டு அறப்பணியும் அரசுப் பணமும்

தொண்டு நிறுவனம் என்றால் அரசு மானியத்தை எதிர்பார்த்து நிற்பது என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கோவையின் கடந்த நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு வழக்கமும் தென்படுகிறது. ஆற்றுப்பாசனம் குறைந்த இம்மண்ணில் உழவர்கள் கிணறு வெட்டி நீர் கண்டார்கள். அறம் செய்ய முனைந்தவர்களும் ஏறக்குறைய அவ்வாறே செய்தார்கள்.

1926இல் பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மக்கள் நால்வர் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்தபோது, அதை ஐந்து கூறாக்கி, ஐந்தாம் கூற்றை அறத்துக்கு ஒதுக்கினர். பி.எஸ்.ஜி. அறநிலையம் பிறந்த வரலாறு இது. மிஞ்சியதைக் கொடுக்கும் கொடைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அறத்தை உடன்பிறந்த ஐந்தாமவனாக எண்ணிப் பங்கு வைத்திருக்கிறார்கள். அவ்வறநிலையத்தின் கல்லூரிகள் பின்னாளில் அரசு உதவியையும் பெற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முதற்கல் அவர்களுடைய சொந்தக் காசில் நாட்டப்பட்டது.

பரம்பரைச் சொத்தோ ஆலையோ இல்லாதவர்கள் என்ன செய்வது? இக்கேள்விக்கு அரை நூற்றாண்டு கழித்து அதே ஊரில் ஒரு விடை கிடைத்தது. காஞ்சி ஜெயேந்திர சரஸ்வதியின் தூண்டுதலால், மருத்துவர் ஆர்.வி.ரமணியும் அவர்தம் துணைவியார் மருத்துவர் ராதா ரமணியும் 1977இல் எளிய மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1985இல் அது சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்தது. நூறு பேரில் இருபதின்மர் கட்டணம் செலுத்துவர். அவ்வருவாயைக் கொண்டு எண்பதின்மர்க்கு இலவச சிகிச்சை என்பதே அதன் கணக்கு. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இத்தகைய கணக்கில்தான் வளர்ந்தது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களின் கண்புரை அறுவைக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அத்தொகையை மட்டும் நம்பி ஒரு மருத்துவமனையை நடத்த இயலாது.

1998இல் கலிபோர்னியாவில் வாழ்ந்த இந்தியர் சிலர் சங்கரா கண் அறக்கட்டளையைத் தொடங்கிய பின் இப்பணி கடல் கடந்தது. வாரணாசியில் 2024இல் திறக்கப்பட்டது உட்பட, பல மாநிலங்களில் மருத்துவமனைகள் எழுந்தன. இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுக் கொடை பெரும்பாலும் கட்டடத்துக்கும் கருவிக்கும் உரியது. மருத்துவமனை சில ஆண்டுகளில் அன்றாடச் செலவைத் தன் வருவாயிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

இந்த முன்யோசனையின் அருமை 2020இல் விளங்கிற்று. அரசுப் பணம் வாங்காதவர் அரசின் பிடியில் இல்லை என்று நாம் எண்ணிவிடலாகாது. 1976இல் பிறந்து 2010இல் புத்துருப்பெற்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2020 செப்டம்பரில் மேலும் இறுகியது. அயல்நாட்டுப் பணம் முழுவதும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்தது. பெற்ற நிதியை மற்றொரு நிறுவனத்துக்குக் கைமாற்றித் தருவதும் தடைசெய்யப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பகிர்ந்தளித்த அயல்நிதியையே நம்பியிருந்த சிறு அமைப்புகளுக்கு இது பேரிடி.

ஆகவே அரசு மானியம் வேண்டாம் என்று மறுப்பதனால் மட்டும் ஓர் அறநிலையம் தன்னுரிமை பெற்றுவிடாது. மானியத்தின் இடத்தில் அயல்நாட்டுக் கொடையாளரை அமர்த்தினால், சார்ந்திருக்கும் ஆள் மாறுகிறாரே தவிரச் சார்பு மாறுவதில்லை. அன்றாடம் ஊறும் வருவாய் உள்ளூரிலேயே இருந்தாக வேண்டும். சொத்தில் ஐந்தாம் பங்கு வைத்த சகோதரர்களும், கட்டணம் செலுத்தும் இருபதின்மரை நம்பிய மருத்துவத் தம்பதியரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் இதையே கண்டுகொண்டார்கள். கோவையில் இன்று புதிதாக அறப்பணி தொடங்க நினைப்பவர்கள் விண்ணப்பம் எழுத அமருமுன் இவ்வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம் என்று நாம் கருதுகிறோம்.