பல்கவசம் வந்த கதை

குத்துச்சண்டை வரலாற்றில் வென்றவர் பெயர்தான் நிற்கிறது. பல்லைக் காத்தவர் பெயர்? 1890இல் லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிரவுஸ், கட்டாப்பெர்ச்சா என்ற மரப்பாலைப் பட்டையாக்கி வீரர்களின் மேற்பற்களில் பொருத்தினார், உதடு கிழியாமலிருக்க. மகன் பிலிப்பும் பல் மருத்துவர். அவரே மேடையேறிக் குத்துச்சண்டை போட்டவரும்கூட. கழற்றி மாட்டும் கவசமாக அதை மேம்படுத்தினார்.

1913இல் அதை அணிந்து சண்டையிட்டவர் டெட் கிட் லூயிஸ். கிழக்கு லண்டனின் ஏழை யூதர். இயற்பெயர் கெர்ஷோன் மெண்டலாஃப். 1915இல் உலகப் பட்டம் வென்றார். 1921இல் நியூயார்க்கில் ஜாக் பிரிட்டன் தரப்பு கவசத்துக்கே ஆட்சேபம் கிளப்பியது. பல்லைக் காப்பது முறைகேடாம்!

வடசென்னையின் சார்பட்டா, இடியாப்பப் பரம்பரைகளில் மோதியவர்களும் உழைக்கும் மக்களே. நம் ராமநாதபுரம் கரையில் பயிற்சி தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் பல்கவசம் வாங்கிக் கொடுங்கள். வெந்நீரில் இளக்கி, கடித்து அச்செடுக்கும் வகையே போதும்.