அருவிக்கு முதலிட்டவர்கள்

மலைநாட்டுக் கோப்பியை 1869 முதல் இலைநோய் தின்று தீர்த்ததும், அதன் இடத்திலே தேயிலை வந்தமர்ந்ததும் பலரும் அறிந்த கதை. அத்தேயிலைக்கு வேண்டிய விசை எங்கிருந்து கிடைத்தது என்பதோ அவ்வளவாகப் பேசப்படாத கதை. கொழுந்தைப் பறித்துவிட்டால் தேயிலை ஆகிவிடாது. அதனை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், காயவைக்க வேண்டும். காயவைக்க விறகு எரிந்தது, காடு குறைந்தது. உருட்டும் பொறியைச் சுழற்றப் பல இடங்களில் தோட்டத்து ஓடையே போதுமாயிற்று. மேட்டிலே நீரை மறித்து, குழாய்வழியே இறக்கி, சுழலியின்மீது மோதவிட்டார்கள். இத்தகைய சிறு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

ஓடையினால் ஒரு தொழிற்சாலை இயங்குமெனில், பேரருவியால் ஒரு நாடு இயங்காதா என்று கேட்டவர் டி. ஜே. விமலசுரேந்திரா. 1874இல் பிறந்த இவர் பொதுவேலைப் பகுதியில் எந்திரியாக இருந்தவர். நுவரெலியா நகருக்கு விளக்கேற்றிய பிளாக்பூல் சிறு நிலையம் இவர் முயற்சியே. 1918இல் எந்திரிகள் சங்கத்தின் முன்னே அவர் படித்த கட்டுரை, நீர்விசையின் பொறியியலைவிட அதன் பொருளாதாரத்தையே பெரிதும் ஆராய்ந்தது. கப்பலில் வரும் நிலக்கரிக்கு ஆண்டுதோறும் பணம் செல்கிறது. மலையில் விழும் நீரோ வீணே கடலுக்குச் செல்கிறது. இதுவே அவருடைய வாதத்தின் சாரம். இன்று காலநிலை நிதி என்று பெரிய பெயரால் வழங்கும் துறையின் கணக்கு இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

பணத்தைக் கையில் வைத்திருந்தோர் உடனே இசைந்தார்களில்லை. 1920களில் தொடங்கிய லக்ஷபான வேலை இடையிலே நின்றது. விமலசுரேந்திரா 1931இல் அரசாங்க சபைக்கே இரத்தினபுரியிலிருந்து தேர்தலில் நின்று வென்றார்; அங்கும் இதே பேச்சுத்தான். 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்திருந்தது. மூன்றாண்டுகளில் மறைந்தார்.

பிறகு 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது. 1969இல் மவுசாகலை அணை எழுந்து, பழைய மஸ்கெலியா நகரை நீரில் ஆழ்த்தியது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் மூழ்கின. மின்கம்பிகள் தேயிலை மலைகளைத் தாண்டிக் கொழும்புக்குச் சென்றன. அக்கம்பிகளின் கீழேயிருந்த லயக் காம்பிராக்களில் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. எந்தப் பொருளாதாரக் கட்டுரையிலும் இந்தக் கணக்கு ஏறவில்லை.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. பெருநிலையத்து மின்சாரம் மலிவாகக் கிடைக்கவே, தோட்டங்களின் சிறு சுழலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. அவற்றை மீண்டும் நினைத்துப் பார்த்தது 1990களில். 1997இல் உலக வங்கியும் உலகச் சுற்றாடல் வசதி நிதியமும் துணைநிற்க, உள்ளூர் வங்கிகள்வழி நீண்டகாலக் கடன் கிடைக்கும் திட்டம் தொடங்கியது. பத்து மெகாவாட்டுக்குட்பட்ட நிலையங்களிடம் மின்சார சபை ஒரேவித ஒப்பந்தத்தில் மின் வாங்க முன்வந்தது. எரிக்காமல் மிஞ்சிய எண்ணெயின் செலவைக் கொண்டு விலை கணிக்கப்பட்டது. மாரிக்கு ஒரு விலை, கோடைக்கு ஒரு விலை. வங்கி உத்தியோகத்தர் மழைமானியின் பதிவேட்டையும் ஓடையின் நீரளவையும் படிக்கப் பழக வேண்டியதாயிற்று. எந்திரிகளோ வட்டிக் கணக்கைப் படித்தார்கள். புதியதொரு தொழில் இவ்வாறு பிறந்தது. 2005இல் கியோத்தோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், இலங்கையின் சிறு நீர்மின் நிலையங்கள் சில தூய அபிவிருத்திப் பொறிமுறையிலும் பதிவாயின. வெளிவராத புகைக்கும் அப்போது விலை வந்தது.

மழை பொய்த்தால் கொழுந்தும் குறையும், சுழலியும் ஓயும். கடன் தவணை மட்டும் நிற்காது. சரிவுகளில் மழை அரித்த மண்ணோ நீர்த்தேக்கங்களின் அடியிலே சென்று படிகிறது. கடுங்கோடையில் மவுசாகலையின் நீர்மட்டம் இறங்கும்போது பழைய மஸ்கெலியாவின் கோயிற் சுவர்கள் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. சுற்றுத் தோட்டங்களிலிருந்து மக்கள் இறங்கிச் சென்று பார்த்து வருகிறார்கள்.