வாசகம் தாங்கிய சட்டை: கேத்தரின் ஹாம்னெட்டின் படைப்புத் தூண்டலும் அதன் வரலாறும்

முன்னுரை

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து நூல் உருவாகும் முறையை விளக்குகிறது. அங்கு நூற்றல் உவமை; ஏடே பொருள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுவமை உண்மை நிகழ்வாயிற்று. பருத்திச் சட்டையே ஏடாக மாறித் தெருவில் நடந்தது. இம்மாற்றத்தில் தனியிடம் பெறுபவர் பிரித்தானிய ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட். 1983ஆம் ஆண்டு முதல் அவர் வெளியிட்ட வாசகச் சட்டைகளின் படைப்புத் தூண்டல் எவற்றிலிருந்து பிறந்தது, அத்தூண்டல் பின்னர் எழுத்திலிருந்து இழையை நோக்கி எவ்வாறு திரும்பியது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடை பேசும் இருவகை

ஆடையைச் செய்தியாகக் கொள்ளும் வழக்கம் ஹாம்னெட்டுக்கு மிகவும் முற்பட்டது. அதனை இருவகையாகப் பகுத்துக் காணலாம். ஒன்று, எழுத்தால் பேசும் ஆடை. வங்காளத்து வைணவர் போர்த்தும் நாமாவளித் துணியில் இறைவன் திருப்பெயர்கள் நிரல்நிரலாக அச்சிடப்பட்டிருக்கும். கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் ‘கங்கா’ துணியின் கீழ்ப்பகுதியில் சுவாகிலி மொழிப் பழமொழி ஒன்று இடம்பெறும்; நேரில் சொல்லத் தயங்குவதை அண்டை வீட்டாருக்கோ கணவருக்கோ அது சொல்லிவிடும்.

மற்றொன்று, எழுத்தின்றிப் பேசும் ஆடை. பிரித்தானியப் பெண் வாக்குரிமைப் போராளிகள் 1908இல் ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய மூன்று நிறங்களைத் தம் அடையாளமாக்கினர். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் முழு ஆடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையை அமைத்தார். இவற்றுள் காந்தியடிகளின் கதராடை தனித்து நோக்கத்தக்கது. அதில் செய்தி துணியின்மேல் இல்லை. யார் நூற்றது, எங்கு நெய்தது என்னும் உற்பத்தி முறையிலேயே உள்ளது. ஹாம்னெட்டின் வாழ்க்கைப் பணி முதல்வகையில் தொடங்கி இரண்டாம் வகையை நோக்கிச் சென்றது எனலாம்.

தூண்டலின் மூன்று ஊற்றுகள்

ஹாம்னெட் 1947இல் பிறந்தவர். தூதரகப் பணிக் குடும்பத்தில் வளர்ந்து, இலண்டன் செயின்ட் மார்ட்டின் கலைக்கல்லூரியில் பயின்று, 1979இல் தம் பெயரிலேயே ஆடை நிறுவனம் தொடங்கினார். அக்காலத்தில் டி-சர்ட்டில் எழுத்து அச்சிடுவது புதுமையன்று. கடற்படையினரின் உள்ளாடையாக அமெரிக்காவில் பரவிய அது, முன்னரே விளம்பரப் பலகையாக மாறியிருந்தது. 1970களில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் அதனை எதிர்ப்பின் கருவியாக்கினர். ஆயின் அவர்களது எழுத்துகள் பெரிதும் அதிர்ச்சியூட்டுவதை நோக்கமாகக் கொண்டவை. ஹாம்னெட் நாடியது தெளிவு. அவருடைய தூண்டலில் மூன்று ஊற்றுகளை இனங்காணமுடிகிறது.

முதலாவது, பௌத்தம். ‘வாழ்வைத் தேர்ந்துகொள்’ என்னும் பொருள்தரும் முதல் வாசகத்தைத் தாம் பௌத்தச் சிந்தனையிலிருந்து பெற்றதாக அவர் கூறியுள்ளார். போருக்கும் அழிவுக்கும் எதிரான கட்டளையாகவே அவர் அதனைக் கருதினார்.

இரண்டாவது, அணு ஆயுத அச்சம். 1979 டிசம்பரில் நேட்டோ அமைப்பு, மேற்கு ஜெர்மனியில் 108 பெர்ஷிங்-2 ஏவுகணைகளையும் பிரிட்டன் உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 464 குரூஸ் ஏவுகணைகளையும் நிறுவத் தீர்மானித்தது. 1981 செப்டம்பரில் கிரீன்ஹாம் காமன் விமானத் தளத்தின் வாயிலில் பெண்கள் அமைதி முகாம் தொடங்கினர். 1983 நவம்பரில் குரூஸ் ஏவுகணைகள் அத்தளத்திற்கு வந்து சேர்ந்தன. உலகெங்கும் அணு ஆயுதத் தடை, ஏவுகணைக்கு மாற்றாகக் கல்வி, மழைக்காடுகளைக் காத்தல் எனப் பொருள்படும் அவருடைய வாசகங்கள் இச்சூழலில் தோன்றியவை.

மூன்றாவது, படியெடுப்பு. வெற்றிபெற்ற வடிவமைப்பைப் பிறர் படியெடுப்பது ஆடைத்தொழிலின் நீங்காத இயல்பு. பிற வடிவமைப்பாளர்கள் இழப்பாகக் கருதிய இதனை ஹாம்னெட் பரப்பும் வாய்ப்பாகக் கண்டார். வெள்ளைத் துணி, தொளதொளப்பான வடிவம், மார்பு முழுவதும் நிறையும் கருநிறப் பேரெழுத்து என்னும் எளிமை, எவரும் உடனே படியெடுக்கவும் தொலைவிலிருந்தே படிக்கவும் ஏற்றதாக அமைந்தது. அவர் எண்ணியவாறே நிகழ்ந்தது. 1984இல் வேம் இசைக்குழுவினர் தம் பாடற்காட்சியில் ‘வாழ்வைத் தேர்ந்துகொள்’ சட்டையை அணிந்தனர். அதே ஆண்டில் மற்றோர் இசைக்குழுவின் விளம்பரச் சட்டைகளும் இவ்வடிவத்தைப் பின்பற்றி வெளிவந்தன.

1984: ஒரு சட்டையும் ஒரு சந்திப்பும்

1984 மார்ச்சில் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆடை வடிவமைப்பாளர்களுக்குத் தம் அலுவல் இல்லத்தில் வரவேற்பளித்தார். மேலங்கிக்குள் மறைத்துச் சென்ற சட்டையை ஹாம்னெட் ஒளிப்படக் கருவிகளுக்கு முன் வெளிப்படுத்தினார். 58 விழுக்காட்டினர் பெர்ஷிங்கை விரும்பவில்லை என்பது அதன் வாசகம். தங்கள் நாட்டில் இருப்பவை பெர்ஷிங் அல்ல, குரூஸ் என்னும் பொருள்படத் தாட்சர் மறுமொழி கூறியதாக ஹாம்னெட் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். பெர்ஷிங் மேற்கு ஜெர்மனிக்கே உரியதாதலால், தாட்சர் கூற்று தகவல் அளவில் சரியானதே. எனினும் மறுநாள் நாளிதழ்களில் நின்றது அம்மறுமொழியன்று. இருவரும் எதிரெதிர் நின்ற படமே.

வாசகங்களின் மொழியமைப்பும் அவற்றின் ஊழும்

ஹாம்னெட்டின் புகழ்பெற்ற இவ்விரு வாசகங்களையும் இலக்கண நோக்கில் ஒப்பிடலாம். ‘வாழ்வைத் தேர்ந்துகொள்’ என்பது ஏவல். சட்டையை எதிர்கொள்ளும் ஒவ்வொருவரும் அதன் முன்னிலை ஆகின்றனர். ஏவுபவர் யார், எச்சூழலில் ஏவுகிறார் என்பன அதில் இல்லை. பெர்ஷிங் வாசகமோ எண்ணும் பெயரும் கொண்ட செய்திக் கூற்று.

இவ்வேறுபாடு அவற்றின் பிற்கால வரலாற்றை முடிவு செய்தது. சூழல் சுட்டாத ஏவல் நெடுங்காலம் வாழ்ந்தது. அதனாலேயே பிறர் கைக்கும் போனது. அமெரிக்காவில் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அதே சொற்றொடரைத் தம் முழக்கமாகக் கொண்டனர். ஹாம்னெட் அதனைக் கண்டித்தார். ஆயின் விவிலியத்தின் உபாகமம் 30ஆம் அதிகாரத்திலும் இதே கட்டளை இடம்பெறுவதால், அச்சொற்றொடருக்கு எவரும் தனியுரிமை கோர இயலவில்லை. மாறாக, பெர்ஷிங் வாசகத்தைப் பிறர் திரிக்க வழியில்லை. ஆனால் அது தன் காலத்தோடு கட்டுண்டது. 1987 டிசம்பரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கையொப்பமிட்ட உடன்படிக்கையால் அவ்வகை ஏவுகணைகள் அகற்றப்பட்ட பின்னர், அச்சட்டை வரலாற்று ஆவணமாயிற்று.

எழுத்திலிருந்து இழைக்கு

1989 அளவில் ஹாம்னெட் தம் ஆடைகளுக்கான பருத்தி எவ்வாறு விளைகிறது என்று ஆராயத் தொடங்கினார். பூச்சிக்கொல்லிகளால் உழவர்கள் நஞ்சுண்டு இறப்பதை அறிந்தமை அவரைப் பெரிதும் பாதித்தது. உயிரைக் காக்கச் சொல்லும் வாசகத்தைத் தாங்கும் துணியே உயிரைக் கொல்லும் முறையில் விளைந்திருந்தால் அவ்வாசகத்தின் நிலை என்ன என்னும் வினா அவர்முன் எழுந்தது. அதன்பின் இயற்கைவழிப் பருத்திக்காக ஆடைத்துறையினரிடம் வாதாடினார். 2003இல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுப் பருத்தி உழவர்களை நேரிற் கண்டார்.

அதே 2003இல் ஈராக் போருக்கு எதிரான வாசகச் சட்டைகளையும் அவர் மேடையேற்றினார். பிப்ரவரி 15 அன்று இலண்டனில் மாபெரும் பேரணி நடந்தும் மார்ச் மாதத்தில் போர் தொடங்கியது. வாசகச் சட்டை, அணிந்தவர்க்கு ஏதோ செய்துவிட்ட நிறைவைத் தருமேயன்றி மாற்றத்தைத் தானாகக் கொணராது என்றும், மக்கள் பிரதிநிதிகளை நேரடியாக வற்புறுத்துவதே பயன் தரும் என்றும் பிற்காலத்தில் அவர் கருதினார். அவ்வடிவத்தைப் பரப்பியவரே கூறியதால் இக்கருத்துக்குத் தனி மதிப்புண்டு.

இவ்வினா இந்தியச் சூழலுக்கும் உரியது. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலியாட்களுமாக 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். உலகச் சந்தைக்கு டி-சர்ட் வழங்கும் திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலை நிறைத்தது. பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உலகின் எம்மொழி வாசகமாயினும் அது அச்சேறும் துணிக்குப் பின்னால் இத்தகைய நிலமும் நீரும் உழைப்பும் உள்ளன என்பது கருதத்தக்கது.

முடிவுரை

ஹாம்னெட்டின் படைப்புத் தூண்டல் பௌத்தச் சிந்தனை, அணு ஆயுத எதிர்ப்பு, படியெடுப்பை வரவேற்கும் மனப்பாங்கு ஆகிய மூன்றின் கூட்டாகும். அவருடைய வாசகங்கள் ஏவலாக நின்றபோது பரவலும் பொருட்திரிபும் பெற்றன. கூற்றாக நின்றபோது கூர்மையும் குறுகிய வாழ்வும் பெற்றன. எழுத்தில் தொடங்கிய அவரது தேடல் இழையின் அறத்தைச் சென்றடைந்தபோது, கதராடை முன்னரே எழுப்பிய வினாவையே அது வேறொரு வழியில் எழுப்பியது. ஆகவே, வாசகம் தாங்கிய ஆடையை ஆராய்வோர் அதன் சொல்லை மட்டும் படித்தல் போதாது. பஞ்சு விளைந்த வயலும் சாயம் கலந்த ஆறும் அவ்வாசகத்தின் பகுதிகளே.