குருதி உறையாமை நோயும் திரட்டுப் பிளாஸ்மாவும்: சிகிச்சையால் விளைந்த சிக்கல்களின் வரலாறு

திறவுச்சொற்கள்: ஹீமோஃபிலியா, கிறிஸ்துமஸ் நோய், உறைகாரணி, குளிர்வீழ்படிவு, திரட்டுப் பிளாஸ்மா, எதிர்ப்பான்

முன்னுரை

அரிய நோய்களின் வரலாற்றை எழுதுவோர் நோயின் கண்டுபிடிப்பில் தொடங்கி மருந்தின் வெற்றியில் முடிப்பது பெருவழக்கு. ஹீமோஃபிலியா எனப்படும் குருதி உறையாமை நோயின் வரலாறு அவ்வழியில் செல்வதில்லை. 1980களிலும் 1990களிலும் இந்நோயாளர் பலரின் உயிரைக் கவர்ந்தது குருதிப்போக்கன்று. குருதிப்போக்கை நிறுத்த ஏற்றப்பட்ட மருந்தின் வழியே வந்த தொற்றேயாகும். அத்தொற்றின் இடர் முன்னரே அறியத்தக்கதாக இருந்ததா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு பெயருக்குள் இரு நோய்கள்

சில குடும்பங்களின் ஆண்களிடம் மட்டும் குருதிப்போக்கு நில்லாதிருத்தலையும், நோயற்ற பெண்கள் வழியே அது மக்களுக்குக் கடத்தப்படுதலையும் பிலடெல்பியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ 1803இல் பதிவு செய்தார். ஹீமோஃபிலியா என்னும் பெயர் 1828இல் எழுதப்பட்ட ஆய்வேடொன்றில் இடம்பெற்றது. மூட்டுகளிலும் தசைகளிலும் உட்கசிவு, அதனால் வரும் முடம், சிலவேளை மூளைக்குள் குருதிப்போக்கு ஆகியவை இந்நோயின் இயல்பான சிக்கல்கள். இவற்றுக்கு நெடுங்காலம் மருந்தில்லை. 1934இல் ஆர்.ஜி. மேக்ஃபார்லேனும் பர்கெஸ் பார்னெட்டும் கண்ணாடி விரியனின் நஞ்சை நீர்க்கச் செய்து காயத்தின்மேல் இட்டுக் குருதியை உறையச் செய்தனர். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸலின் பெயரையே அப்பாம்பு ஆங்கிலத்தில் தாங்கியுள்ளது. பல் பிடுங்கிய இடத்துக்கு அந்நஞ்சு உதவியது, உட்கசிவுக்கு உதவவில்லை.

1947இல் பியூனஸ் அயர்ஸில் பாவ்லோவ்ஸ்கி, இரு நோயாளரின் குருதியைக் கலந்தபோது ஒன்றன் குறையை மற்றொன்று சரிசெய்ததைக் கண்டார். ஒரே நோயாயின் இது நிகழாது. 1952 டிசம்பரில் ரோஸ்மேரி பிக்ஸ், மேக்ஃபார்லேன் முதலியோர் இதற்கு விளக்கம் தந்தனர்: ஒரு சாரார்க்கு எட்டாம் உறைகாரணியும் மற்றொரு சாரார்க்கு ஒன்பதாம் உறைகாரணியும் குறைவு. இரண்டாவது வகைக்கு ஐந்து வயதுச் சிறுவன் ஸ்டீபன் கிறிஸ்துமஸின் குடும்பப் பெயரே சூட்டப்பட்டது. கட்டுரை கிறிஸ்துமஸ் வாரத்தில் வெளிவந்தமையால் பெயர்க் காரணத்தைப் பலர் இன்றும் பண்டிகையோடு சேர்த்து மயங்குகின்றனர்.

ஒருவர் குருதியும் பல்லாயிரவர் குருதியும்

1964இல் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் கிரஹாம் பூல், உறைய வைத்த பிளாஸ்மாவை மெல்ல உருகச் செய்தால் அடியில் தங்கும் குளிர்வீழ்படிவில் எட்டாம் காரணி செறிந்திருப்பதைக் கண்டறிந்தார். எளிய குருதி வங்கியிலேயே இதனை உருவாக்கலாம். ஒவ்வொரு பையும் ஒரே கொடையாளருடையது. ஆயினும் அதனை உறைநிலையில் காத்து, மருத்துவமனையிலேயே ஏற்றவேண்டியிருந்தது.

அடுத்து வந்த உலர்பொடிச் செறிவு இத்தடைகளை நீக்கியது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சிறுவர் தாமே ஊசி போட்டுக்கொண்டனர்; பள்ளிக்கும் பணிக்கும் சென்றனர். நோயாளர் இதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. ஆனால் அதன் ஒரு தொகுதியைச் செய்ய ஆயிரக்கணக்கான கொடையாளரின் பிளாஸ்மா ஒன்றாகத் திரட்டப்பட்டது. அமெரிக்காவில் காசு பெற்றுக் கொடுத்தோரும் சிறைவாசிகளும் அவர்களுள் இருந்தனர். ஆயிரத்தில் ஒரு கொடையாளர்க்குத் தொற்று இருப்பதாகக் கொண்டால், ஒருவர் குருதியில் இடர் ஆயிரத்தில் ஒன்று. பத்தாயிரவர் திரட்டில் அது ஏறத்தாழ உறுதி.

இக்கணக்கு அன்று புதியதன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் திரட்டுப் பிளாஸ்மா மஞ்சள்காமாலையைப் பரப்பியது அறியப்பட்டு, பிரித்தானியாவில் திரட்டின் அளவு குறைக்கப்பட்டிருந்தது. எனவே 1970களின் பெருந்திரட்டுகளை அறியாமையின் விளைவு என்று கூறுதல் பொருந்தாது. கல்லீரல் அழற்சியைக் குருதிப்போக்கினும் சிறிய தீங்காக எடைபோட்ட மருத்துவத் தீர்ப்பே அவற்றுக்கு இடமளித்தது. புதிய கிருமியொன்று அதே வழியில் வரக்கூடும் என்பது அவ்வெடையில் சேர்க்கப்படவில்லை.

1982 ஜூலையில் ஹீமோஃபிலியா நோயாளர் மூவருக்கு எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கு வரும் நிமோனியா கண்டதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. செறிவின் பயன்பாடு அதன் பின்னரும் தொடர்ந்தது. வெப்பமூட்டிய செறிவும் எச்.ஐ.வி. பரிசோதனையும் 1985ஐ ஒட்டியே பரவலாயின. பிரித்தானியாவில் மட்டும் குருதிப்போக்கு நோயாளருள் சுமார் 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர், அவர்களுள் சுமார் 380 பேர் சிறார். இது பெருமளவு தவிர்த்திருக்கக்கூடியது என 2024 மே மாதம் வெளியான பிரையன் லாங்ஸ்டாஃப் விசாரணை அறிக்கை உரைத்தது. கனடாவில் வளர்ந்த ஸ்டீபன் கிறிஸ்துமஸ், குருதியேற்றத்தால் பெற்ற எச்.ஐ.வி. தொற்றினால் 1993இல் இறந்தார். குளிர்வீழ்படிவில் ஒன்பதாம் காரணி இல்லாமையால் அவ்வழி அவர்க்கு எக்காலத்தும் பயன்பட்டிருக்காது.

எதிர்ப்பானும் பின்னை வழிகளும்

மனிதக் குருதியைச் சாராது மரபணுப் பொறியியலால் உருவான எட்டாம் காரணி 1992இல் உரிமம் பெற்றது. தொற்று அகன்றது, எதிர்ப்பான் அகலவில்லை. கடுமையான எட்டாம் காரணிக் குறைவுடையோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் உடல், ஏற்றப்படும் காரணியை அயற்பொருளாகக் கொண்டு அதனை முறியடிக்கும் எதிர்ப்பானை உண்டாக்குகிறது. காரணியே தராமல் அதன் வினையை மட்டும் ஆற்றும் எமிசிசுமாப் 2017இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றபின் இந்நோயாளர்க்கு மாற்றுவழி கிட்டியது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, நோயாளரின் சொந்தக் குருதி மூல உயிரணுக்களிலேயே எட்டாம் காரணிக்குரிய மரபணுவைச் செலுத்தும் முறையைப் பற்றியது. சிகிச்சை பெற்ற ஐவருக்கும் கண்காணிப்புக் காலத்தில் குருதிப்போக்கு நிகழவில்லை. எனினும் திருத்திய உயிரணுக்கள் தங்குவதற்கு இடமளிக்க, எலும்பு மஞ்சையை வேதிமருந்தால் முன்கூட்டியே அழிக்கவேண்டியுள்ளது. அவ்விடைக்காலத்தில் வெள்ளணுக்களோடு, குருதி உறையத் தேவையான தட்டணுக்களும் சரிகின்றன.