இயன்முறை மருத்துவம்: அசைவுக்கும் அளவு உண்டு

இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) என்பது உடற்பயிற்சி, கைமுறைச் சிகிச்சை, மூச்சுப்பயிற்சி, நடைப்பயிற்சி ஆகியவற்றின் வழியாக நோயாளி இழந்த இயக்கத்தை மீட்கவும், எஞ்சியிருப்பதைக் காக்கவும் செய்யப்படும் மருத்துவப் பணி. எலும்பு முறிவு, பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், இதய அறுவை, தீவிர சிகிச்சை என மருத்துவமனையின் பெரும்பாலான பிரிவுகளில் இன்று அதற்கு இடமுண்டு. படுக்கை ஓய்வை அசைவு வென்ற கதையாகவே இதன் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். யாருக்கு, எப்போது, எவ்வளவு அசைவு என்பதை நோயாளியின் அருகிலிருந்து கணிக்கும் திறமையே இத்துறையின் உயிர். அதை மருத்துவ உலகம் உணர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் ஓய்வை நம்பியதற்குக் காரணம் இருந்தது. நுண்ணுயிர்க்கொல்லிகள் இல்லாத காலத்தில், காசநோய் தாக்கிய மூட்டுகளை அசையாமல் கட்டிவைப்பதைத் தவிர அவர்களிடம் வேறு வழி அதிகமில்லை. ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1863இல் வெளியிட்ட நூல் ஓய்வையே சிகிச்சையாக முன்வைத்தது. ஆனால் மூட்டுக்குப் பொருந்தியது எல்லா நோய்க்கும் விதியாகிவிட்டது. மாரடைப்பு வந்தவர்கள் வாரக்கணக்கில் படுக்கவைக்கப்பட்டார்கள். ரத்த உறைவு, படுக்கைப்புண், மூட்டு இறுக்கம், தசை மெலிவு என இதற்கு நோயாளிகள் கொடுத்த விலையை 1947இல் ரிச்சர்ட் ஆஷர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டினார். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆரோக்கியமான இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களது உச்சத்திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, வயது விளைவித்த இழப்பைவிட அந்த மூன்று வாரங்கள் விளைவித்த இழப்பே பெரிது என்று தெரிந்தது.

தொழில்முறை அமைப்பு இதற்கு முன்பே உருவாகியிருந்தது. 1813இல் பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கினார். 1894இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் மசாஜ் தொழிலுக்கு ஒழுங்கும் மரியாதையும் தேடிச் சங்கம் அமைத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் சிகிச்சை செய்வதில்லை என்பது அவர்கள் ஏற்ற விதி. மசாஜ் தொழிலுக்கு அன்று இருந்த அவப்பெயருக்கு எதிராக அது ஒரு கவசம். பின்னாளில் அதுவே விலங்காயிற்று. பயிற்சியின் அளவு மருந்துச்சீட்டில் எழுதி முடிகிற விஷயமல்ல. நாடித்துடிப்பு ஏறும்போது, முகம் வெளிறும்போது, தசை தளரும்போது அந்த இடத்திலேயே அதை மாற்ற வேண்டும். போலியோ காலத்தில் ஆஸ்திரேலியாவின் எலிசபெத் கென்னி நடைமுறையில் இருந்த சிகிச்சையை எதிர்த்தே போராடினார். கை கால்களைச் சிம்பு கட்டி அசையாமல் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, வெந்நீரில் பிழிந்த கம்பளித் துணி ஒற்றடமும் தசைப் பயிற்சியும் அளித்தார். நோய் பற்றிய அவரது விளக்கத்தை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் 1940இல் அவர் அமெரிக்கா சென்ற பிறகு அங்கே சிம்புகள் வேகமாகக் குறைந்தன.

அசைவின் அளவை அருகிலிருந்தே கணிக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வேலூரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தார். இடம் மாற்றிய தசை தன் புதிய வேலையைப் பயிற்சியில்தான் கற்க வேண்டும். ஆனால் அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை. அளவு மீறினாலும் வலி எச்சரிக்காது. சூட்டையும் வீக்கத்தையும் பார்த்து, நோயாளியின் வலிக்குப் பதிலாக இன்னொருவரின் கவனமே வேலை செய்ய வேண்டியிருந்தது. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அத்தகைய அறுவைகளைச் செய்தார். நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குத் தலைமையேற்றார்.

அசைவே நல்லதென்றால் முடிந்தவரை விரைவாக, முடிந்தவரை அதிகமாகச் செய்யலாமே என்பது முதல் மறுப்பு. 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதற்குச் சாதகமாகவே தோன்றியது: செயற்கை சுவாசத்தில் இருந்த 104 பேரில், தொடக்கத்திலேயே பயிற்சி பெற்றோரில் 59 விழுக்காட்டினர் வீடு திரும்பும்போது தம் வேலைகளைத் தாமே செய்தார்கள், மற்றவர்களில் அது 35 விழுக்காடு. ஆனால் 2015இல் 2,104 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு எதிர்த்திசையில் சென்றது. ஒரு நாளுக்குள் எழுப்பி அதிகம் பயிற்றியவர்களில் நல்ல நிலையை அடைந்தோர் 46 விழுக்காடு. வழக்கமான பராமரிப்பில் 50. இதை வைத்து இத்துறையே பயனற்றது என்பாருண்டு. அதே தரவின் அடுத்த கட்டப் பகுப்பாய்வோ, குறுகிய நேரம், அடிக்கடி என்ற முறை நன்மையோடும், மொத்த நிமிடங்களைக் கூட்டுவது தீமையோடும் தொடர்புடையவை என்று காட்டியது. அளவுதான் சிகிச்சை என்பதற்கு இது ஆதரவே.

நடக்கவைக்க ஒரு தொழில்முறையாளர் எதற்கு, வீட்டார் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. ஆள் பற்றாக்குறை மிகுந்த நம் நாட்டில் இது நியாயமான கேள்வி. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளில் ஒரு பாதியினரின் வீட்டாருக்குப் பயிற்சி அளித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுவிலும் 47 விழுக்காட்டினர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். இது வீட்டாரின் அன்பைக் குறைத்து மதிப்பிடும் முடிவல்ல. தொழில்முறையாளரின் பயனுக்கு நேரடி நிரூபணமும் அல்ல. பயிற்சி அட்டவணையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் அளவைக் கணிக்கும் திறமையும் உடன் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு மட்டும் இதில் ஆதரவு கிடைக்கவில்லை.