சாண் டாங்கியும் ஆளுயரப் புரவியும்

நான் உப்புத்தாள் வாங்கும் ஹார்டுவேர் கடைக்கு விளாச்சேரியிலிருந்தும் ஆள் வருவதுண்டு. அவர்கள் கட்டுக் கட்டாக எடுப்பார்கள். எனக்கு நாலு தாள் போதும். கொலு பொம்மையின் விலாவில் அச்சு விட்டுப்போன கோட்டை அவர்கள் தேய்க்க வேண்டும். என் வேலையும் அதுதான். நான் தேய்ப்பது பர்மாவில் ஓடிய ஷெர்மன் டாங்கியின் பீரங்கிக் குழாய்; தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமன்.

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது விளாச்சேரி. பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது பொம்மை ஊர். அங்குள்ள வேளார் குடும்பங்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதியிலும் களிமண்ணை அப்பி, சேர்த்து அழுத்தி எடுக்கின்றன. நான் ஒட்டும் பிளாஸ்டிக் டாங்கி மாதிரியும் இரண்டு பாதி அச்சில் பிறந்ததுதான். எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டிரீனை அழுத்தத்தில் செலுத்திக் குளிரவைத்து எடுத்தால், கொடியில் காய் தொங்குவதுபோல உதிரிகள் சட்டத்தோடு வரும். வெட்டி, தேய்த்து, ஒட்ட வேண்டும். மண்ணுக்கு ஈரமே பசை. பிளாஸ்டிக்குக்கு ஊற்றும் திரவம் இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பிறகு இருவரும் வெள்ளையோ சாம்பலோ ஒரு பூச்சுக் கொடுத்து, மேடு பள்ளம் பார்ப்போம்.

இந்த ஒற்றுமையோடு நிறுத்தினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அச்சும் அச்சும் ஒத்துப்போவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? டாங்கிக்கு எதிரே நிறுத்த வேண்டியது கொலு பொம்மையை அல்ல, வேளார்கள் செய்யும் இன்னொன்றை: அய்யனாருக்கு எடுக்கும் மண் புரவியை. அது போர்க் குதிரை. இரவில் அய்யனார் ஏறி எல்லையைச் சுற்றிவருவது அதன் மேல்தான். சேணம், கழுத்துச் சலங்கை, மார்பில் முழித்துப் பார்க்கும் யாளி முகம் என்று முழு ஆயத்தத்தோடு நிற்கும். டாங்கியும் புரவியும் ஒரே காரியத்துக்கான இரண்டு வாகனங்கள். உருவாக்கும் கை எதைச் சரி என்று நினைக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

முதலில் அளவு. உலகமெங்கும் டாங்கி மாதிரிகளுக்கு வழக்கத்தில் உள்ள விகிதம் 35-இல் ஒரு பங்கு. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் மரக்கடையாகத் தொடங்கிப் பொம்மைக்கு மாறியது. 1961 வாக்கில், மோட்டார் வைத்து ஓடும் ஜெர்மானியப் பாந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டார்கள். உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக உடலின் பருமனைத் தீர்மானித்தார்கள். அது நன்றாக விற்றது. அடுத்த டாங்கியையும் அதே அளவில் செய்யலாம் என்று அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. கணித நியாயம் ஒன்றும் கிடையாது. பேட்டரி சொன்ன கணக்கு. அந்தத் தற்செயலுக்குத்தான் இன்று ஆணி எண்ணிச் சண்டை போடுகிறோம்.

ஆணி எண்ணுவது என்பது மிகையில்லை. நான் எடுத்துக்கொண்டது எம்4ஏ4 வகை ஷெர்மன். 1945 மார்ச்சில் மெய்க்டிலாவைப் பிடித்த 255-ஆவது இந்திய டாங்கிப் படைப்பிரிவில், புரோபின்ஸ் ஹார்ஸ், ராயல் டெக்கான் ஹார்ஸ் ரெஜிமெண்டுகளிடம் இருந்தது இந்த வகைதான். பெயரில் குதிரை இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகக் கோத்து 30 சிலிண்டர் எஞ்சினாக்கி இதில் வைத்தார்கள். அது உள்ளே போவதற்காக உடலைப் பெரும்பாலான ஷெர்மன்களைவிடக் கொஞ்சம் நீட்டினார்கள். நிஜ வண்டி 6 மீட்டருக்குச் சற்று மேல்; என் மேஜையில் 17 சென்டிமீட்டர். அந்தக் கூடுதல் நீளம் இங்கே சில மில்லிமீட்டர்தான். அந்தச் சில மில்லிமீட்டர் இல்லையென்றால் அது வேறு டாங்கி. பர்மாவை ஏன் எடுத்தேன் என்றால், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் 1942-இல் அங்கிருந்து நடந்தே ஊர் வந்துசேர்ந்தவர்களின் கதையைச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் விட்டுவந்த மண்ணில் அதன்பின் என்ன ஓடியது என்று பார்க்க ஆசை.

வேளாரிடம் இப்படி மில்லிமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது. புரவி எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பது நேர்த்திக்கடன். வேண்டியவர் பெரிதாக வேண்டிக்கொண்டால் குதிரை ஆளைத் தாண்டி எழும்பும். அதன் வயிற்றுக்குக் கீழ் நிற்கும் காவலாள் முழங்கால் உயரம்கூட இருக்கமாட்டான். விகிதம் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. யார் பெரியவர் என்பதே அங்கே விகிதம். செய்முறையும் அச்சு வேலை இல்லை. ஊர்ப் பெரியவர் பிடிமண் கொடுத்த பிறகே கை வைப்பார்கள். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, காலைத் தனியே, உடலைத் தனியே, கழுத்தைத் தனியே எழுப்பித் தட்டுப்பலகையால் தட்டித் தட்டிச் சேர்ப்பார்கள். உள்ளே கூடு. காற்றும் ஈரமும் வெளியேற ஓட்டை விடாவிட்டால் சூளையில் வெடித்துவிடும்.

இனி வண்ணம். இந்த ஒப்பீட்டுக்கே அதுதான் காரணம்.

டாங்கிக்கு ஆலிவ் பச்சை அடித்து முடித்ததும் அது பார்க்கச் சகிக்காது. புதிய சோப்புப் பெட்டிபோல இருக்கும். ஆகவே கெடுக்க ஆரம்பிக்கிறோம். கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வண்ணத்தை டர்பெண்டைனில் தண்ணீராகக் கரைத்து, ஒவ்வொரு ஆணியின் காலடியிலும் தூரிகை நுனியால் தொட்டால் போதும். கரைசல் தானே ஓடிப்போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து, ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் மேட்டு விளிம்புகளை வெளிர்நிறத்தில் தடவுவோம். ஸ்பாஞ்சுத் துண்டால் பெயிண்ட் உதிர்ந்த புள்ளிகள். மதுரைச் சித்திரை வெயிலில் இதில் ஒன்றும் ஒழுங்காக நடக்காது. அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும், ஏர்பிரஷ் ஊசி அடைத்துக்கொண்டு துப்பும். ஒரு மே மாதம் டரெட்டின் வலப்பக்கம் முழுக்க மணல்மணலாகப் படிந்து, தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். இப்போதெல்லாம் விடியற்காலையில்தான் வண்ண வேலை.

கடைசிப் பூச்சு புழுதி. டப்பாவில் அடைத்து விற்கும் தூளை வாங்காமல், வற்றிய கண்மாயின் வண்டலை வெயிலில் காயவைத்து, பொடித்து, பழைய வேட்டித்துணியில் இரண்டு தடவை சலித்தேன். முகத்துக்கு அடிக்கும் பவுடரைவிட மெல்லியதாக வந்தது. மெய்க்டிலாவும் மழை குறைந்த வறண்ட பூமிதான். நிறம் அதிகம் உதைக்காது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புரவிக்கு நடப்பது நேர் எதிர். முழுக்க வெள்ளை, அதன் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, அத்தனையும் பளீரென்று. கடைசியில் கண் திறப்பு. அன்றைக்கு அதைவிடப் புதியதாக அந்த ஊரில் எதுவும் இருக்காது. தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்கியதோடு மனிதர் வேலை முடிந்தது. பராமரிப்பு, மறுபூச்சு என்ற பேச்சே இல்லை. அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரை வரும், பழையது நின்ற இடத்திலேயே மண்ணாகும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் இறங்கி நடந்தால், வரிசை வரிசையாக நிற்கும் மண் குதிரைகளில் இதைப் பார்க்கலாம். நான் அங்கே பக்தியோடு போனேனா, பாடம் படிக்கப் போனேனா என்று கேட்டால் இரண்டும்தான். வண்ணம் முதலில் விட்டுப்போவது முதுகிலும் நெற்றியிலும், மழை நேராக விழும் இடங்களில். வயிற்றுக்கு அடியிலும் சலங்கையின் மடிப்பிலும் சிவப்பு கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வீட்டுக்கு வந்து ஷெர்மனின் மேல்தகட்டை இன்னும் வெளிர வைத்தேன். ஐப்பசி மழை பல வருடம் செய்வதை நான் நாலு விடியற்காலையில் செய்கிறேன். செய்துவிட்டு, ஒரு பொட்டுத் தூசி படாமல் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிறேன். எது பைத்தியக்காரத்தனம் என்று கேட்டால் நான் வேளார் கட்சி.

போன புரட்டாசிக்கு முன்னால் விளாச்சேரிக்குச் செருப்புப் பெட்டியில் இரண்டு டாங்கிகளைக் கொண்டுபோனேன்: ஷெர்மன் ஒன்று, சின்ன வயதில் ஒட்டிய பழைய டாமியா பாந்தர் ஒன்று. திண்ணையில் பிள்ளையாருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டு பாந்தரைத்தான் முதலில் எடுத்தார். எடுத்ததும் கவிழ்த்தார். மோட்டார் காலத்து அச்சு என்பதால் அடித்தகட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"வேகுறப்ப வெடிக்காம இருக்கவா தம்பி?"

பேட்டரிக் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ஷெர்மனை எடுத்தார். கட்டைவிரலால் புழுதியைத் தடவி, விரலைப் பார்த்தார்.

"நம்ம கம்மா மண்ணுல்ல இது? புது வண்டிய ஏன் இப்பிடி ஆக்குனீக? மழ பாத்துக்கிரும்ல."

நான் சிரித்தேன். அவர் டாங்கியை மூக்குக்கு நேராகத் தூக்கி முன்பக்கம் பார்த்தார்.

"கண்ணு எங்கிட்டு இருக்கு?"

ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் பெரிஸ்கோப்பைக் காட்டினேன். கடுகளவு கண்ணாடி. அதற்கு வைக்க வேண்டிய பளபளப்பு நீலத்தை இன்னும் வைத்திருக்கவில்லை. அதை எப்போதும் கடைசியில்தான் வைப்பேன்.

"தொறந்தாச்சா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"அப்ப இது வெறும் பிளாஸ்டிக்குதேன்" என்று பெட்டிக்குள் வைத்துவிட்டு, பிள்ளையாரை எடுத்துக்கொண்டார்.